பிப்ரவரியில் பணி ஓய்வு: கைக்கு வரும் பணத்தில் எதற்கு வரி, எந்த ஆண்டில் வரி?

கோவைவாசி68 | 2025 செப்டம்பர் 27

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் 31 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். 58 வயது நிறைந்து 2026 பிப்ரவரி 28 அன்று ஓய்வு பெறுகிறேன். மாதச் சம்பளம் மொத்தம் 1,70,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 90,000. வருங்கால வைப்பு நிதியில் சுமார் 78 லட்சம் சேர்ந்திருக்கிறது. எடுக்காத ஈட்டிய விடுப்பு 240 நாட்கள் உள்ளன. இவை தவிர, பத்து ஆண்டுகளாகப் போட்டுவந்த பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் 32 லட்சம் இருக்கிறது. நான் போட்டது 18 லட்சம். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது.

கடந்த ஒரு மாதமாக எனக்கு வரும் ஆலோசனைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் அதிகாரி, ஆண்டுக்கு 10 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் செலுத்தினால் முதிர்வுத் தொகை முழுவதும் வரியில்லாமல் வரும் என்கிறார். என் மைத்துனர், பணத்தை மனைவி பெயருக்கும் 82 வயதான என் தாயார் பெயருக்கும் பிரித்துப் போடச் சொல்கிறார். ஃபண்டை ஏப்ரலில் மொத்தமாக விற்று வங்கி வைப்பில் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். எது சரி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தணிக்கை_திருச்சி | 2025 செப்டம்பர் 27

ஐயா, தாங்கள் எண்களைத் தெளிவாகக் கொடுத்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. முதலில் நிறுவனத்திலிருந்து வரும் மூன்று தொகைகளையும் பார்த்துவிடுவோம்.

பணிக்கொடை: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். தங்களுக்கு அது 16,09,615 ரூபாய் வருகிறது. தனியார் ஊழியருக்கு வரிவிலக்கு வரம்பு 20 லட்சம் என்பதால் முழுத் தொகைக்கும் வரி இல்லை.

ஈட்டிய விடுப்புக்கான தொகை: 240 நாட்கள் என்பது எட்டு மாதச் சம்பளம், அதாவது 7,20,000 ரூபாய். இதற்கு நான்கு வரம்புகள் உண்டு. உண்மையில் கிடைக்கும் தொகை, பத்து மாதச் சராசரிச் சம்பளம், பணியாண்டு ஒன்றுக்கு 30 நாளுக்கு மேல் போகாமல் கணக்கிட்ட விடுப்பின் மதிப்பு, 25 லட்சம் ஆகிய நான்கில் எது குறைவோ அதற்கு விலக்கு. 2023 ஏப்ரலுக்கு முன்பு இந்தக் கடைசி வரம்பு வெறும் 3 லட்சமாக இருந்தது. தங்களுக்கு முழுத் தொகையும் விலக்குக்குள் வந்துவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பணியில் இருக்கும்போதே விடுப்பைப் பணமாக்கிக்கொண்டால் அது சம்பளம்தான், முழுவதும் வரிக்கு உட்படும். தீபாவளிச் செலவுக்கு 60 நாளைப் பணமாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றினால், தயவுசெய்து பிப்ரவரி வரை பொறுங்கள்.

வருங்கால வைப்பு நிதி: ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ச்சியாகப் பணியாற்றியிருப்பதால் எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் ஊழியர் பங்கு செலுத்தியிருந்தால் மட்டுமே, அந்த மிகுதியின் வட்டிக்கு வரி வரும். தங்கள் பங்கு ஆண்டுக்கு 1,29,600 ரூபாய்தான்.

ஆக, ஓய்வின்போது கைக்கு வரும் ஏறத்தாழ 101 லட்ச ரூபாய்க்கும் வரி இல்லை. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

இந்த ஆண்டுச் சம்பளத்துக்கு வருகிறேன். பதினொரு மாதச் சம்பளம் 18.7 லட்சம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 17.95 லட்சத்துக்கு வரி 1,59,000. கூடுதல் வரி நான்கு சதவீதம் சேர்த்து 1,65,360. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புக் கழிவு 1.5 லட்சம், தேசியப் பென்ஷன் திட்டத்துக்கு 50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 என்று எல்லாவற்றையும் கழித்த பிறகும் 3,02,640 வருகிறது. இரண்டு முறைகளும் சமமாக வேண்டுமானால் பழைய முறையில் 7.15 லட்சம் கழிவு வேண்டும். வாடகையும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை என்ற நிலையில் அதற்கு வழியே இல்லை. எனவே "வரி மிச்சம்" என்று சொல்லி யார் எதை விற்க வந்தாலும், புதிய முறையில் இருக்கும் தங்களுக்கு அந்தக் கழிவு கிடைக்கவே கிடைக்காது.

முன்னாள்வங்கியர் | 2025 செப்டம்பர் 28

நான் 34 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன். ஓய்வூதியப் பணம் கணக்கில் வரவு விழுந்த மறுநாளே அந்த வாடிக்கையாளருக்குத் தொலைபேசி போவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலாவதாக, அந்த அதிகாரி சொன்னது சட்டப்படியே தவறு. 2023 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படும் பாலிசிகளில், ஒருவர் ஓர் ஆண்டில் செலுத்தும் பிரீமியம் எல்லாம் சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டினால் அந்த முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் திட்டங்களுக்கு இந்த வரம்பு 2.5 லட்சம், அது 2021 பிப்ரவரியிலிருந்தே நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சம் கட்டினால் இரண்டிலும் விலக்கு போய்விடும்.

இரண்டாவதாக, பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. 58 வயதில் பத்து மடங்கு காப்பீடு எடுத்தால், அந்த வயதுக்குரிய இறப்பு இடர்க் கட்டணம் தங்கள் பணத்திலிருந்தே கழியும். பிள்ளைகள் சொந்தக் காலில் நின்றுவிட்ட வயதில் அந்தக் காப்பீட்டின் தேவை என்ன? மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது: இரண்டாம் ஆண்டில் மருத்துவச் செலவு வந்து மூன்றாவது தவணையைக் கட்ட முடியாமல் போனால், கட்டிய தொகையில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் வெளியே வர முடியும். ஒரு மனிதன் 31 ஆண்டுகள் உழைத்த பணம் இது. மரியாதைக்காகக்கூட அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்குப் பதிலாக, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போடலாம். பொதுவாக 60 வயது வேண்டும்; ஆனால் 55 முதல் 60 வயதுக்குள் பணி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள், அந்தப் பலன் தொகையின் அளவுக்கு உட்பட்டுச் சேரலாம். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், ஐந்தாண்டுக்கும் அதே விகிதம் நிலைக்கும். காலாண்டுக்கு 61,500 ரூபாய் கணக்கில் விழும். மூன்று மாதத்தைத் தவறவிட்டால் தாங்கள் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேரும். பணம் வந்த தேதிக்குச் சான்று வேண்டும். நிறுவனத்திடம் அந்தக் கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள்.

மாயவரத்தான் | 2025 செப்டம்பர் 28

மைத்துனர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வருமானத்தை மூன்று பேர் பெயரில் பிரித்தால் மூவருக்கும் தனித்தனி வரம்பு கிடைக்குமே? என் தந்தையார் காலத்தில் அம்மா பெயரில்தான் எல்லா வைப்புத் தொகைகளும் இருந்தன.

தணிக்கை_திருச்சி | 2025 செப்டம்பர் 28

மாயவரத்தான் அவர்களுக்கு: கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து வரும் வட்டி, சட்டப்படி கணவனின் வருமானத்தோடுதான் சேரும். மனைவியை முதல் பெயராக வைத்துக் கூட்டு வைப்பு போட்டாலும் நிலை அதுவே. பணம் யாருடையது என்பதே கேள்வி. அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த பணம், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது ஆகியவற்றின் வட்டி மட்டும் அவருடைய வருமானமாக நிற்கும். ஒரே ஒரு பயனுள்ள வழி உண்டு: மனைவியின் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். அந்த வட்டி கணவனோடு சேர்ந்தாலும், அதற்கு வரியே இல்லாததால் சேர்வதில் நட்டமில்லை.

தாயாருக்குக் கொடுத்தால் வட்டி மகனோடு சேராது, அது உண்மை. ஆனால் கொடுத்த பிறகு அது தாயாரின் சொத்து. உயில் எழுதாமல் அவர் காலமானால் உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் அதில் சம பங்கு உண்டு. நல்ல குடும்பங்களிலேயே இதனால் மனத்தாங்கல் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் இந்தப் பிரிவினைக்குத் தேவையே இல்லை என்பதுதான் என் வாதம். கோவை ஐயாவின் ஓய்வுக்குப் பிந்தைய வருமானத்தைக் கணக்கிடுவோம். சேமிப்புத் திட்டத்திலிருந்து 2.46 லட்சம், மீதி 71 லட்சத்துக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் சதவீதம் என்றால் 4.79 லட்சம், மொத்தம் ஏழே கால் லட்சம். வைப்பு நிதி அமைப்பு தரும் சிறு பென்ஷன் ஆண்டுக்கு 50,000 அளவில் இருக்கும். அது சம்பளமாகக் கருதப்படுவதால் நிலையான கழிவிலேயே கரைந்துவிடும். புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், எல்லாமே அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தாலும் வரி பூஜ்யம்தான். இல்லாத வரிக்குப் பயந்து பணத்தைக் கைமாற்ற வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிடும் என்பதால் எண்களை நான் எழுதவில்லை.

கோவைவாசி68 | 2025 செப்டம்பர் 29

மிக்க நன்றி. வங்கி அதிகாரியிடம் இன்று முடியாது என்று சொல்லிவிட்டேன். 12 லட்சம் வரை வரி இல்லை என்றால், ஏப்ரலில் ஃபண்டை மொத்தமாக விற்பதிலும் தொல்லை இல்லை அல்லவா?

நொய்யல்_முதலீடு | 2025 செப்டம்பர் 29

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தத் தள்ளுபடி, மூலதன ஆதாயத்துக்கான தனி விகித வரிக்குப் பொருந்தாது. பங்குச் சந்தை ஃபண்டின் நீண்ட கால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 14 லட்சம் ஆதாயத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தால் 12.75 லட்சத்துக்கு வரி 1,59,375.

இத்துடன் முடியவில்லை. 12 லட்ச வரம்பைப் பார்க்கும்போது ஆதாயமும் மொத்த வருமானத்தில் சேரும். ஏழே கால் லட்சம் வட்டியோடு 14 லட்சம் சேர்ந்தால் 21.25 லட்சம். அப்போது வட்டிக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியும் பறிபோய், அதற்கும் 16,250 ரூபாய் வரி வரும். கூடுதல் வரியோடு மொத்தம் 1,82,650.

இதற்குப் பதில், 2026 மார்ச்சுக்குள் 1.25 லட்சம் ஆதாயம் வரும் அளவுக்கு விற்கலாம். ஏப்ரலில் அடுத்த நிதியாண்டு பிறந்ததும் இன்னொரு முறை விற்கலாம். இரண்டு வாரத்துக்குள் 2.5 லட்சம் ஆதாயம் வரியின்றிக் கைக்கு வந்துவிடும். முதலில் வாங்கிய யூனிட்டுதான் முதலில் விற்றதாகக் கணக்காகும்; பழைய யூனிட்டுகளில் ஆதாயப் பங்கு அதிகம் என்பதால், ஃபண்ட் நிறுவனத்தின் ஆதாய அறிக்கையைப் பார்த்த பிறகே எவ்வளவு விற்பது என்று முடிவு செய்யுங்கள். அதன்பின் ஆண்டுதோறும் அதே அளவு. மிச்சம் இருப்பது மிச்சமாகவே இருக்கட்டும். தங்களுக்கும் துணைவியாருக்கும் இன்னும் இருபத்தைந்து ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அத்தனை ஆண்டு விலைவாசியை வட்டி மட்டுமே தாங்காது.

ஈரோட்டுத்தறி | 2025 அக்டோபர் 2

எனக்கு ஓய்வு 2029 இல். அடிப்படைச் சம்பளம் 80,000. வரி 20 சதவீதப் படியில் விழுகிறது. இன்னும் நான்கு ஆண்டு இருப்பவர்கள் இப்போது என்ன செய்யலாம்?

தணிக்கை_திருச்சி | 2025 அக்டோபர் 2

இரண்டு வழிகள் இருக்கின்றன. நிறுவனம் சம்மதித்தால், தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனத்தின் பங்காகத் தேசியப் பென்ஷன் திட்டத்துக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். புதிய வரி முறையில் மிஞ்சியிருக்கும் மிகச் சில கழிவுகளில் இது ஒன்று. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அனுமதி. தங்களுக்கு ஆண்டுக்கு 1,34,400. வரி மிச்சம் சுமார் 28,000. ஓய்வின்போது அதில் 60 சதவீதம் வரியின்றி வரும். இரண்டாவது, வைப்பு நிதியில் தன்விருப்பப் பங்கை உயர்த்தி, ஊழியர் பங்கு மொத்தம் 2.5 லட்சத்தைத் தொடும்படி வைத்துக்கொள்ளலாம். கழிவு கிடைக்காது, ஆனால் வட்டிக்கு வரி இல்லை. கடந்த நிதியாண்டு வட்டி 8.25 சதவீதம்.

கோவைவாசி68 | 2025 அக்டோபர் 11

மீண்டும் தொல்லை தருவதற்கு மன்னிக்கவும். பல்லடம் அருகே 2004 இல் 4 லட்சத்துக்கு வாங்கிய ஒரு வீட்டு மனை இருக்கிறது. ஒருவர் 45 லட்சத்துக்குக் கேட்கிறார். தை பிறந்ததும் பத்திரம் முடிக்க விரும்புகிறார். சம்மதிக்கலாமா?

தணிக்கை_திருச்சி | 2025 அக்டோபர் 12

விலைக்குச் சம்மதியுங்கள், தேதிக்குச் சம்மதிக்க வேண்டாம்.

2024 ஜூலை 23 க்கு முன் வாங்கிய மனை என்பதால் தங்களுக்கு இரண்டு வழி உண்டு. விலைவாசிக் குறியீட்டைப் பயன்படுத்தினால் வாங்கிய விலை, இந்த ஆண்டுக் குறியீடான 376 ஐ வாங்கிய ஆண்டின் குறியீடான 113 ஆல் வகுத்த விகிதத்தில் உயர்ந்து 13.31 லட்சமாகும், மீதி 31.69 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 6.34 லட்சம். குறியீடு இல்லாமல் 41 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 5,12,500. இரண்டாவதே மேல்.

இப்போது தேதிக்கு வருவோம். ஜனவரியில் பத்திரம் முடித்தால் அது சம்பளம் வாங்கும் அதே நிதியாண்டு. 17.95 லட்சமும் 41 லட்சமும் சேர்ந்து 58.95 லட்சம், 50 லட்சத்தைத் தாண்டுவதால் மொத்த வரியின் மேல் பத்து சதவீதம் மிகுவரி விழும். சம்பளம், மனை இரண்டுக்கும் சேர்த்து 7,68,196. சம்பளத்துக்கு மட்டும் எப்படியும் 1,65,360 கட்டத்தான் வேண்டும். ஆக மனையால் வருவது ஆறு லட்சத்துக்கு மேல். ஏப்ரலில் முடித்தால் மொத்த வருமானம் 48.25 லட்சம், மிகுவரி இல்லை, வட்டிக்கான வரியும் சேர்த்து 5,49,900.

அதையும் தவிர்க்க முடியும். விற்ற ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் 41 லட்சத்தையும் போட்டால் ஆதாயத்துக்கு வரியே இல்லை, தள்ளுபடியும் காப்பாற்றப்படும். வரம்பு 50 லட்சம். பணம் ஐந்து ஆண்டு முடங்கும், வட்டி 5.25 சதவீதம், அதற்கு வரி உண்டு. அந்த 41 லட்சத்திலிருந்து வரி கட்டிவிட்டு மீதி 35.5 லட்சத்தை ஏழு சதவீதத்தில் போடுவதோடு ஒப்பிட்டால் வட்டி ஆண்டுக்கு 33,000 அளவுக்குக் குறையும். ஐந்து ஆண்டில் 1.7 லட்சம் இழந்து 5.5 லட்சம் காக்கிறீர்கள். அந்தப் பணம் ஐந்து ஆண்டு தேவைப்படாது என்றால் தயங்காமல் செய்யலாம்.

ஜனவரியில் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி மனையின் சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டால் அன்றே விற்றதாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு. வேலி போடுகிறேன், வாஸ்து பார்க்கிறேன் என்று அவர் கேட்டாலும் ஏப்ரலுக்குப் பிறகு என்று சொல்லிவிடுங்கள். பிப்ரவரி பட்ஜெட்டையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மாயவரத்தான் | 2025 அக்டோபர் 12

வைப்பு நிதியை எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தால் மூன்று ஆண்டு வட்டி வரும் என்கிறார்களே, அது சேமிப்புத் திட்டத்தை விட அதிகம் அல்லவா?

முன்னாள்வங்கியர் | 2025 அக்டோபர் 13

வட்டி வரும். ஆனால் பணியை விட்ட நாளுக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. பலர் அதுவும் விலக்கு என்று நினைத்து அறிக்கையில் காட்டாமல் விடுகிறார்கள். 78 லட்சத்துக்கு ஓர் ஆண்டு வட்டியே ஆறரை லட்சத்துக்கு அருகில் வரும். அதோடு சேமிப்புத் திட்டத்தில் சேர்வதற்கான மூன்று மாத அவகாசமும் கை நழுவும். பென்ஷன் விஷயம் வேறு: 58 இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு நான்கு சதவீதம் கூடும்.

கோவைவாசி68 | 2025 நவம்பர் 8

மனை வாங்குபவர் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். இரண்டு லட்சம் முன்பணம் வாங்கி, சுவாதீனம் பத்திரப் பதிவின்போதுதான் என்று எழுதிக்கொண்டோம். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பிப்ரவரியோடு முடிவதால் எங்கள் இருவருக்கும் தனியாக ஒன்று எடுத்துவிட்டேன். செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது உதவியாக இருந்தது. கடைசியாக ஒரு சந்தேகம். எனக்கு வரி இல்லை என்னும்போது, வங்கி வட்டியில் பத்து சதவீதம் பிடிக்காமல் இருக்கப் படிவம் 15எச் கொடுக்கலாமா?

தணிக்கை_திருச்சி | 2025 நவம்பர் 8

15எச் 60 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. அதுவரை தங்களுக்குப் பொருந்துவது 15ஜி. ஆனால் வட்டி அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டுவதால் அதையும் தர இயலாது. ஆகையால் இரண்டு ஆண்டுகள் வங்கி பிடிக்கத்தான் செய்யும். ஜூலைக்குள் வரி அறிக்கை தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறுங்கள். அந்தத் தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், வீட்டுச் செலவுக்குக் காலாண்டு வட்டியை மட்டும் நம்பாமல் ஆறு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.